இரவு டிராம் இருக்கிற ஊரில்

சிகாமட், ஜொகூர்.
15.3.2026

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். மாமாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை. வீட்டுக்குப் பின்னால் நிற்கிற டுரியான் மரம் இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது. குரங்கு மிச்சம் வைத்தால் ஜூலையில் உனக்குப் பழம் உண்டு.

நேற்று ராத்திரி உன் அம்மா கூப்பிட்டார். நீ குடும்பக் குழுவில் போட்ட பயணத் திட்டத்தை வரிவரியாகப் படித்திருக்கிறார். கோட்டையும் தேவாலயமும் பகலில் இருக்கிறதாம், ராத்திரியெல்லாம் பியர்க் கடையாக இருக்கிறதாம். "நாலு பொம்பளைப் பிள்ளைங்க சேர்ந்து தெரியாத ஊர்ல கடை கடையா ஏறி இறங்கப் போகுதுங்க. நீ ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, உன் பேச்சைத்தான் அவ கேப்பா" என்றார். சொல்கிறேன் அண்ணி என்றேன். அதனால் சொல்கிறேன்: தாராளமாகப் போய் வா.

வாட்ஸ்அப்பில் அடித்தால் அது எங்கெங்கோ சுற்றி லாபிஸ் பெரியம்மா வரைக்கும் போய்ச் சேரும். அதனால்தான் தாளில் எழுதி உன் சிங்கப்பூர் விலாசத்துக்கு அனுப்புகிறேன். படித்துவிட்டு உன்னோடு வைத்துக்கொள்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மாமாவோடு பிராகும் புடாபெஸ்டும் போய்வந்தது உனக்குத் தெரியும். உன் அப்பாவிடம் பாலம், கோட்டை, மணிக்கூண்டு என்று படம் காட்டினேன். ராத்திரியில் எடுத்த படங்களைக் காட்டவில்லை. அவற்றில் என் கையில் கோப்பை இருக்கும்.

நீ அதே ஊர்களுக்கு மே மாதம் போகிறாய். அங்கே அப்போது ஒன்பது மணிவாக்கில்தான் பொழுது சாயும். ஏழேகாலுக்கெல்லாம் இருட்டிவிடுகிற ஊரில் வளர்ந்த நமக்கு அது ஒரு மயக்கம். சாப்பிட்டு முடித்துவிட்டு வெளியே வந்தால் இன்னும் சாயங்கால வெயில் சுவரில் நிற்கும். முதல் நாளே பெயர்பெற்ற கடை எதையும் தேடிப் போகாதே. பிராகில் லெட்னா பூங்காவுக்கு ஏறு. வல்டாவா ஆற்றுக்கு மேலே குன்றின் விளிம்பில், செஸ்நட் மரங்களுக்கு அடியில், மர மேசைகளும் பெஞ்சுகளும் வரிசையாகப் போட்டிருப்பார்கள். நீயே போய்ப் பியர் வாங்கிக்கொண்டு வந்து உட்கார வேண்டியதுதான். கீழே பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். அதே குன்றில்தான் 1955-இல் ஸ்டாலினுக்குப் பிரம்மாண்டமான கற்சிலை வைத்தார்கள். 1962-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது அந்த இடத்தில் பெரிய தாளமானி ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருக்கிறது.

அங்கே எனக்கு எதிர் பெஞ்சில் ஒரு சின்ன வயசு அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு காலால் குழந்தையின் தள்ளுவண்டியை ஆட்டிக்கொண்டே, ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் பியர். பக்கத்தில் அவளுடைய மாமியாரோ அம்மாவோ தெரியவில்லை, வயதான ஒருத்தி, அவள் கையிலும் பியர், மடியில் நாய். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமா என் முழங்கையை இடித்து, "அப்படிப் பாக்காதே" என்றார்.

பியர்க் கடைக்குள் போகும்போது சில விஷயங்கள். காலி மேசைக்காகக் காத்து நிற்காதே. நாற்காலி காலியா என்று பார். ஏற்கெனவே இருக்கிறவர்களிடம் கையைக் காட்டிக் கேட்டுவிட்டு அதே மேசையில் உட்காரலாம், அது அங்கே வழக்கம். பரிமாறுகிறவர் சிரிக்க மாட்டார். உன் மேல் கோபம் என்று நினைக்காதே, அவருடைய முகம் அப்படித்தான். வட்ட அட்டையை உன் முன்னால் வைத்தால் பியர் வேண்டும் என்று அர்த்தம். அரை லிட்டர் கோப்பை வந்து நிற்கும். கூடவே ஒரு காகிதத் துண்டு வந்து மேசையில் உட்காரும், அதில் பேனாவால் ஒரு கோடு. கோப்பை காலியாகும்போது பல கடைகளில் கேட்காமலே அடுத்தது வரும், இன்னொரு கோடு விழும். போதும் என்றால் அட்டையை எடுத்துக் கோப்பையின் மேல் மூடு. அந்தத் துண்டுக் காகிதத்தைத் தொலைத்துவிடாதே, கசக்காதே, அதில் எதையும் கிறுக்காதே. அதுதான் உன் கணக்குப் புத்தகம். நான் எத்தனை குடித்தேன் என்பது எனக்கும் கடைக்காரருக்கும் மேசையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேசை மேலேயே கிடக்கிற ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நம்மூரில் எத்தனை குடித்தாய் என்று கேட்டால் எந்த ஆம்பளை உண்மை சொல்லியிருக்கிறான்?

அரை லிட்டர் அதிகம் என்றால் 'ஷ்னிட்' என்று கேள். அதே கோப்பையில் பியர் குறைவாகவும் நுரை நிறையவும் ஊற்றித் தருவார்கள். 'மிலீகோ' என்று இன்னொன்று, கோப்பை முழுக்க ஏறக்குறைய நுரைதான். இனிப்பாக இருக்கும், உடனே குடிக்க வேண்டும். குழாயைத் திறந்து ஊற்றுவதையே ஒரு தொழிலாகக் கற்று, அதற்கென்று ஒருவரை நிறுத்திவைக்கிறவர்கள் அவர்கள். உலகத்திலேயே தலைக்கு அதிகமாகப் பியர் குடிக்கிற நாடு என்று வருஷா வருஷம் பெயர் வாங்குகிறார்கள். இன்று நம் கோப்பிக்கடை மூலையில் பச்சைப் போத்தலிலும் டின்னிலும் விற்கிற பொன்னிறப் பியருக்கெல்லாம் மூத்தது, அவர்களுடைய பில்சன் ஊரில் 1842-இல் யோசெஃப் க்ரோல் என்பவர் வடித்ததுதான். அவர் பவேரியாக்காரர். சம்பளத்துக்கு வந்து வடித்துக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். பெயர் மட்டும் பில்சனுக்குப் போனது.

பழைய கடை ஒன்று பார்க்க ஆசை என்றால் ஊ ஃப்ளெக்கூ. போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தது 1511 என்று பள்ளியில் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதற்கும் முன்னால், 1499-இலிருந்து அந்த இடத்தில் பியர் வடிக்கிறார்கள். ஒரே வகைதான், கறுப்புப் பியர். நீள மேசை, அக்கார்டியன் வாசிக்கிறவர், எல்லா நாட்டு மனிதர்களும். சுற்றுலாக் கூட்டம்தான், ஆனால் ஒரு தடவை போகலாம்.

எனக்குப் பிடித்தது ஹுசோவா தெருவில் இருக்கிற 'தங்கப் புலி'. பொஹுமில் ஹ்ராபல் என்ற எழுத்தாளர் காலமெல்லாம் உட்கார்ந்த கடை. அவர் பிறகு போய்ச் சேர்ந்தார், மேசை இருக்கிறது. 1994 ஜனவரியில் அமெரிக்க அதிபர் கிளின்டன் பிராகுக்கு வந்தபோது, செக் அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெல் அவரை அந்தக் கடைக்குத்தான் கூட்டிக்கொண்டு போய் ஹ்ராபலோடு உட்கார வைத்தார். அன்று இரவு ரெடூட்டா ஜாஸ் கிளப்பில் கிளின்டன் சாக்ஸபோன் வாசித்தார். இந்த ஹாவெல், நாடகக்காரர், பழைய அரசாங்கத்தின் கெடுபிடிக் காலத்தில் 1974-இல் ஒரு பியர் ஆலையில் பீப்பாய் உருட்டியவர். பீப்பாய் உருட்டிய மனிதர் அதிபராகி, விருந்தாளியைப் பியர்க் கடைக்கு அழைத்துப்போகிறார். அதை மறைக்க வேண்டிய விஷயமாக அந்த ஊரில் யாரும் நினைக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குக் கடை திறக்கும், அதற்கு முன்னாலேயே வாசலில் வரிசை நிற்கும். வாடிக்கைக்காரர்களின் இடத்தில் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்கள், கோபித்துக்கொள்ளாதே.

இதையெல்லாம் எழுதும்போது உன் பாட்டி நினைப்பு வராமல் இல்லை, பாப்பா. உனக்குப் பாட்டியைக் கடைசிக் காலத்து நோயாளியாகத்தான் தெரியும். ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்த காலத்தில், சம்பள நாளன்று பாட்டி செய்கிற வேலை ஒன்று உண்டு. மூன்று மணிக்கு மேல் பாதை திரும்புகிற இடத்தில், பாலத்துக்குப் பக்கத்தில், இடுப்பில் உன் சித்தப்பாவோடு போய் நிற்பார். அங்கே பாட்டி மட்டுமில்லை, லயத்துப் பெண்கள் அநேகம் பேர் நிற்பார்கள். ஆபீசிலிருந்து சம்பளம் வாங்கிக்கொண்டு வருகிற ஆண்கள் கள்ளுக்கடைக்குள் நுழையுமுன் அரிசிக் காசைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கினவள் சிரித்துக்கொண்டே போவாள், பிடுங்க முடியாதவள் அங்கேயே மண்ணை வாரித் தூற்றுவாள். எனக்கு அது ஒரு திருவிழா மாதிரி இருந்தது. வயசு வந்த பிறகுதான் அது என்னவென்று விளங்கியது.

கள்ளுக்கடை ஒன்றும் பெரிய கட்டடமில்லை. தகரக் கூரை, சிமென்டுத் தரை, பாதிச் சுவருக்கு மேல் கம்பி. நீளப் பெஞ்சு இரண்டு. அலுமினியக் குவளை. தென்னங்கள், அதில் செத்த தேனீயும் எறும்பும் மிதக்கும், ஊதிவிட்டுக் குடிப்பார்கள். தாத்தாவைச் சாப்பிடக் கூப்பிட என்னைத்தான் அனுப்புவார்கள். உள்ளே போக மாட்டேன், கம்பிக்கு வெளியே நின்று "அப்பா" என்பேன். புளிப்பு வாடை முகத்தில் அடிக்கும். எங்கள் குடும்பத்துப் பெண்களில் கள்ளுக்கடைக்கு அவ்வளவு பக்கத்தில் போனது நான்தான், அதுவும் சின்னப் பிள்ளை என்பதால்.

குடி என்றாலே உன் அம்மாவுக்கு வயிற்றைக் கலக்குகிறது என்றால் அது இங்கிருந்து வருகிறது. அவர் அப்பாவின் கதை எங்கள் அப்பாவின் கதையைவிட மோசம். அவர் பயத்தைக் கேலி செய்யாதே. ஆனால் தோட்டத்துக் கள்ளுக்கடையும் பிராகின் பியர்க் கடையும் ஒரே சாமான் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தோட்டத்துக் கடை, குடிக்கிறவனின் வசதிக்காகத் திறந்ததில்லை. வேலைக்காரனைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள, கொடுத்த கூலியில் ஒரு பங்கைத் தோட்டத்தின் கல்லாவுக்கே திருப்ப, மறுநாள் விடியுமுன் பால்வெட்டுக்கு வரிசையில் நிற்க வைக்க ஏற்பட்டது. லாபத்தில் கோயில் திருவிழாவுக்கும் திடலில் படம் போடவும் கொடுக்கிறோம் என்று ஆபீசில் சொல்வார்களாம். நம் சனங்களுக்கே இது அப்போதே தெரிந்திருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் சம்பளம் உயர்த்து என்பதோடு, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை நிறுத்து என்பதும் அதே பட்டியலில் இருந்தது. ஜப்பான் சண்டை முடிந்த பிறகு, 1947-இல், கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்து நின்றது. அந்தத் துரைமாருக்கு அப்போது தனி கிளப் இருந்தது, மேலே மின்விசிறி, பிரம்பு நாற்காலி, பாதி விஸ்கி பாதி சோடா ஊற்றிய ஸ்டெங்கா. நம்மாட்கள் அங்கே போனால் தட்டு ஏந்தத்தான் போக முடியும்.

பிராகில் முதல் கோப்பையைத் தூக்கும்போது, துரை கிளப்புக்குள் வந்துவிட்டோம் என்று ஒரு வீறாப்பு எனக்குள் எழுந்தது நிஜம். மாமா அதைச் சிரித்தே அடக்கிவிட்டார். பாவம், செக்காரர்களுக்கும் நம் ரப்பர் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? அவர்களே வியன்னாவுக்கும் பிறகு பெர்லினுக்கும் பிறகு மாஸ்கோவுக்கும் கைகட்டி நின்றவர்கள். லண்டன் போகும்போது வேண்டுமானால் அந்த வீறாப்பை எடுத்துவைத்துக்கொள்.

இனி முக்கியமாகச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். நீ எந்தக் கடையில் குடிக்கிறாய் என்பதைவிட எப்படி அறைக்குத் திரும்புகிறாய் என்பதை நான் அதிகம் யோசிக்கிறேன். அங்கே அதற்கு வழி செய்து வைத்திருக்கிறார்கள். பிராகில் மெட்ரோ நள்ளிரவோடு நிற்கும், வெள்ளி சனியில் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். அதற்குப் பிறகு டிராம். 91 முதல் 99 வரை எண் போட்ட இரவு டிராம்கள் விடிய விடிய ஓடும். நகரத்தின் நடுவில் லசார்ஸ்கா என்ற நிறுத்தத்தில் அவை எல்லாம் வந்து சந்திக்கும். ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறிக்கொள்ளலாம். அறை எடுக்குமுன் அது எந்த இரவு டிராம் பாதையில் இருக்கிறது என்று பார். காலைச் சாப்பாடு உண்டா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

ஒரு நாள் ஜாஸ் கேட்டுவிட்டு ஒரு மணிக்கு மேல் நானும் மாமாவும் அப்படி ஒரு டிராமில் ஏறினோம். எனக்குக் கழுத்தில் தாலிக்கொடி, கையில் வளையல், இதையெல்லாம் போட்டுக்கொண்டு அந்த நேரத்தில் பொது வண்டியில் நான் வாழ்நாளில் ஏறியதில்லை. முன் இருக்கையில் வேலை முடிந்த நர்ஸ் ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரலை நீவிக்கொண்டிருந்தாள். பின்னால் பெரிய வாத்தியப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி ஒரு கிழவர். நடுவில் ஒரு பையன் நல்ல போதை, கம்பியைப் பிடித்துத் தூங்குகிறான், அவன் நண்பன் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். டிராம் ஓட்டியது ஒரு பெண். குடித்தவனும் குடிக்காதவளும் வேலைக்குப் போகிறவனும் ஒரே வண்டியில் போகிறார்கள். அதனால்தான் தள்ளுவண்டிக்காரி பியரோடு உட்கார்ந்திருந்தாள், பெண்கள் பதினொரு மணிக்கு எழுந்து ஓடவில்லை என்று எனக்கு அந்த வண்டியில்தான் பட்டது.

இங்கே யோசித்துப் பார். நம் சிகாமட்டில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பஸ் எங்கே இருக்கிறது? 2025 மார்ச்சிலிருந்து மின்ரயில் நம் ஸ்டேஷன் வரைக்கும் வருகிறது, இப்போது ஜொகூர் பாருவுக்கும் போகிறது, சந்தோஷம். ஆனால் ஸ்டேஷனில் இறங்கியவன் பூலோ காசாப்புக்கோ பத்து அன்னாமுக்கோ போக வேண்டுமானால் வீட்டிலிருந்து யாராவது காடி எடுத்துக்கொண்டு வர வேண்டும். குடிக்கிற நம் பையன்கள் மோட்டாரில்தான் போகிறார்கள், மோட்டாரில்தான் வருகிறார்கள். லாபிஸ் சாலையில் எத்தனை பேரை லோங்காங் சாக்கடையிலிருந்து தூக்கியிருக்கிறோம் என்று உன் அப்பாவைக் கேள். 2020-இல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை என்று இருந்தது 50 ஆனது, உயிர்ப்பலி ஏற்பட்டால் 10 முதல் 15 வருஷம் சிறை. நியாயமான சட்டம்தான். ஆனால் ஓட்டாதே என்று சொன்ன பிறகு, எப்படி வீட்டுக்குப் போவான் என்ற கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. செக் நாட்டில் ஓட்டுகிறவனுக்கு ஒரு சொட்டுகூடக் கூடாது. அதைச் சொல்லும் யோக்கியதை அவர்களுக்கு இருக்கிறது, டிராம் ஓடுகிறது.

நம்மூரில் இப்போது ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. மாமாக் கடையில் பந்து ஆட்டம் ஓடுகிற நேரத்தில் பெண் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்து தே தாரிக்கும் ரொட்டி சானாயும் வைத்துக்கொண்டு நடுராத்திரி வரைக்கும் பேசுகிறார்கள். போன வருஷத்திலிருந்து ஜொகூருக்கும் சனி ஞாயிறு லீவு என்று ஆனதும் வெள்ளிக்கிழமை ராத்திரி கடைத்தெரு களைகட்டுகிறது. முன்பு நமக்கு வியாழக்கிழமை ராத்திரிதான் அது. எனக்குப் பார்க்க நன்றாக இருக்கிறது. என் வயசுக்காரிகள் சிலர் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

புடாபெஸ்ட் வேறு மாதிரி. பிராகில் ராத்திரி உட்கார்ந்திருக்கும், புடாபெஸ்டில் ராத்திரி ஆடும். உன் திட்டத்தில் இருக்கிற சிம்ப்லா கெர்ட் என்ற கடை, கஸின்சி தெருவில் இடிந்து கிடந்த ஒரு பழைய கட்டடத்துக்குள் 2004-இலிருந்து நடக்கிறது. முற்றத்தில் மேல்கூடு வெட்டிய பழைய ட்ராபன்ட் கார், அதற்குள் உட்கார்ந்து குடிக்கலாம். பாதியாக வெட்டிய குளியல் தொட்டி ஒன்று சோபாவாக இருக்கும். ஒவ்வொரு அறையிலும் வேறு பாட்டு, வேறு விளக்கு. அதைப் பார்த்துத்தான் அந்த வட்டாரமே அப்படிப்பட்ட கடைகளால் நிறைந்தது. கட்டடங்கள் ஏன் காலியாகக் கிடந்தன என்று கேட்டுப் பார்த்தேன். அது யூதர்கள் வாழ்ந்த பகுதி. 1944 நவம்பரில் அந்தத் தெருக்களையே சுவர் வைத்து அடைத்து கெட்டோ ஆக்கினார்கள். 1945 ஜனவரியில் விடுதலை வருவதற்குள் பசியிலும் குளிரிலும் செத்தவர்களை அடக்கம் செய்யக்கூட வழியில்லாமல், பக்கத்தில் இருக்கிற டொஹானி தெருத் தொழுகைக் கூடத்தின் தோட்டத்திலேயே ஆயிரக்கணக்கில் புதைத்தார்கள். பகலில் முதலில் அங்கே போ. ராத்திரி கஸின்சி தெருவுக்குப் போவது பிறகு. போகாதே என்று சொல்லவில்லை. அந்த இடம் மறுபடி மனுஷர்களால் நிறைந்திருப்பது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் தெரிந்துகொண்டு போனால் சத்தம் போடுகிற விதம் மாறும். அங்கே குடியிருக்கிறவர்களுக்குத் தூக்கமில்லை. நள்ளிரவுக்கு மேல் கடைகளை மூடலாமா என்று 2018-இல் அந்த வட்டாரத்தில் வாக்கெடுப்பே வைத்தார்கள், போதிய பேர் வராததால் செல்லாமல் போனது.

அங்கே பியரை விடு. ஃப்ரோச் கேள். வைனில் சோடா கலந்தது, எத்தனை பங்கு வைன் எத்தனை பங்கு சோடா என்பதற்கு ஏற்ப ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒரு பங்கு வைனுக்கு இரண்டு பங்கு சோடா ஊற்றினால் 'ஹொஸ்ஸூலேபேஷ்'. கோடைக்கு அதைவிட நல்ல பானம் இல்லை, தலையும் சுற்றாது. துரையின் ஸ்டெங்காவைவிடப் புத்திசாலித்தனமான கலவை. பியர் குடித்தாலும் ஹங்கேரிக்காரர்களோடு கோப்பையை இடிக்காதே. 1849-இல் அவர்களுடைய 13 தளபதிகளைத் தூக்கிலும் துப்பாக்கியிலும் கொன்றுவிட்டு ஆஸ்திரியர்கள் பியர்க் கோப்பையை இடித்துக் கொண்டாடினார்களாம், 150 வருஷம் நாங்கள் இடிப்பதில்லை என்று சபதமாம். கதைதான். கணக்குப்படி கெடு 1999-இலேயே முடிந்துவிட்டது, ஆனாலும் வயசானவர்கள் இன்னும் இடிப்பதில்லை. திரும்புவதற்கு 6-ஆம் எண் டிராம் இருக்கிறது, பெருவட்டச் சாலையில் ராத்திரி முழுக்க ஓடும்.

இப்போது உன் அம்மாவுக்காகச் சில கண்டிப்பு. பிராகில் கும்பலாகக் கடை கடையாகக் கூட்டிப்போகிற 'பப் கிரால்' என்று யாராவது காகிதம் நீட்டினால் வாங்காதே. ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை அதை 2024 அக்டோபரில் நகராட்சியே தடை செய்துவிட்டது. தெருவில் வாந்தியெடுக்க வருகிற கூட்டம் எங்களுக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள், நானும் அவர்கள் பக்கம்தான். பெரிய மண்டபங்களில் சின்னக் கிளாஸில் ஏதாவது ஊற்றித் தட்டில் ஏந்தி வந்து கையில் திணித்தால் அது இனாம் என்று நினைக்காதே. வேண்டாம் என்று தலையை ஆட்டு. விலைப்பட்டியல் இல்லாத கடையில் உட்காராதே. கோப்பையை விட்டுவிட்டுக் கழிவறைக்குப் போனால் திரும்பி வந்து அதைத் தொடாதே, எவ்வளவு காசு கொடுத்திருந்தாலும் சரி. கழிவறைக்குச் சில்லறை வைத்துக்கொள்.

பெயர் தெரியாத போத்தல் எதையும் வாயில் வைக்காதே. 2018-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் கலப்பட மதுவைக் குடித்துப் பலர் செத்தார்கள், நேபாளத்திலிருந்தும் மியான்மரிலிருந்தும் வேலைக்கு வந்த பிள்ளைகள் அதில் அநேகம். மெத்தனால். தோட்டத்துச் சம்சு சாராயக் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த எமன்தான். ஆனால் பணக்கார நாட்டில் அது நடக்காது என்று நினைக்காதே. 2012-இல் செக் நாட்டிலும் அதே மெத்தனாலில் 40 பேருக்கு மேல் போனார்கள். அந்த அரசாங்கம் 20 சதவீதத்துக்கு மேல் சாராயம் உள்ள எதையும் நாடு முழுக்க விற்கக்கூடாது என்று ஒரே ராத்திரியில் உத்தரவு போட்டது, பியர்க் குடிகாரர்களின் நாட்டில். ஆகவே பியர், வைன் போதும். கண்ணாடிக் கிளாஸில் நீலமும் பச்சையுமாகக் கொளுத்தித் தருகிறதெல்லாம் வேண்டாம்.

உன்னோடு வருகிற மலாய்த் தோழி குடிக்க மாட்டாள் அல்லவா? அவளை மேசையில் சும்மா தண்ணீரோடு உட்கார வைக்காதே. பிராகில் கோஃபோலா கேளுங்கள். 1960 வாக்கில், மேற்கத்திய கோலா கிடைக்காத காலத்தில், செக்கோஸ்லோவாக்கியாவில் மூலிகை போட்டுச் செய்த பானம், பல கடைகளில் பியர் மாதிரியே குழாயில் வரும், அதே கோப்பையில் தருவார்கள். சாப்பாட்டுக்கு அவளுக்கும், வெள்ளிக்கிழமையென்றால் உனக்கும், பொரித்த பாலாடைக்கட்டி இருக்கிறது. எண்ணெய் எது, கூட என்ன பொரிக்கிறார்கள் என்று அவளைக் கேட்டு முடிவு செய்துகொள்ளச் சொல். அவளுக்குத் தூக்கம் வந்தால் நாலு பேரும் எழுந்திருங்கள். ஒருத்தியைத் தனியாக அறைக்கு அனுப்பிவிட்டு மூன்று பேர் உட்காருவது என்பது கிடையவே கிடையாது. இதை மட்டும் எனக்குச் சத்தியம் பண்ணு.

உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். லெட்னா பூங்காவுக்குப் போகிறாள், நாய்களும் குழந்தைகளும் இருக்கிற இடம் என்று சொல்லப்போகிறேன், அது பொய்யில்லையே. நீயும் பகல் படங்களோடு ராத்திரிப் படம் ஒன்றிரண்டைக் குழுவில் போடு. மறைத்துப் பழகாதே. முதலில் முணுமுணுப்பார், பிறகு அந்த விளக்கெல்லாம் என்ன என்று அவரே கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புடாபெஸ்டில் இருப்பாய் என்றால் அதே சிம்ப்லாவுக்கு இன்னொரு தடவை போ. ராத்திரி ஆடின முற்றத்திலேயே காலையில் விவசாயிகள் சந்தை போடுவார்கள், தேன், பாலாடைக்கட்டி, ரொட்டி, ஊறுகாய் எல்லாம் கிடைக்கும். எனக்கு மிளகாய்த்தூள் வாங்கி வா, இனிப்பு வகை, 'ஏதெஷ்' என்று எழுதியிருக்கும், கால் கிலோ போதும். போன தடவை வாங்கி வந்ததை மாமா மீன் சம்பாலில் போட்டே தீர்த்துவிட்டார். பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டிக்குள் வை, இல்லாவிட்டால் உன் சட்டையெல்லாம் சிவப்பாகிவிடும். பணம் நீ வந்ததும் தருகிறேன்.

அன்புடன்,
உன் அத்தை